நாலாம் நம்பர் டெர்மினலின் சூடு

கொடைக்கானலுக்கு வேலைக்குப் போனபோது எனக்கு இரண்டு விஷயங்கள்தான் உருப்படியாகத் தெரியும். ஒன்று கம்ப்யூட்டரை ஓட்டுகிற யூனிக்ஸ், இன்னொன்று கோபப்படுவது. முதலாவதை மதுரையில் ஒன்றரை வருடம் படித்துக் கற்றுக்கொண்டேன். இரண்டாவதைக் கற்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. கன்னிவாடியில் எங்கள் வீட்டில் குழம்பில் உப்பு குறைந்தால்கூட அது நாலு வீட்டுக்குக் கேட்கும்.

எண்பதுகளின் பிற்பாதி அது. நான் சேர்ந்த இடத்தில் காய்ந்த செடிகளைச் சேர்த்து வைத்திருந்தார்கள். பழைய கல் பங்களா ஒன்று. மலையில் முளைக்கிற செடி கொடி ஒவ்வொன்றையும் பறித்து, அமுக்கிக் காயவைத்து, கெட்டித் தாளில் ஒட்டி, மூலையில் லேபிள் எழுதி, பொட்டலம் பொட்டலமாகக் கட்டி, பீரோ பீரோவாக அடுக்கியிருந்தார்கள். என்ன செடி, எங்கே கிடைத்தது, யார் பறித்தார், எந்த மாதம் என்பதெல்லாம் லேபிளில் இருக்கும். அந்த லேபிள்கள் அத்தனையையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட வேண்டும் என்று அந்த இடத்தின் தலைவருக்கு ஆசை. அவர் கல்லூரியில் தாவரவியல் நடத்தி ஓய்வுபெற்றவர். எல்லோருக்கும் அவர் வெறும் 'சார்'.

லேபிள் ஏற்ற ஆறு பேர் இருந்தார்கள். ஐந்து பெண்கள், ஓர் ஆண். ஆறு பேரும் தற்காலிகம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை சார் ஒரு பட்டியல் எழுதி மெட்ராஸில் இருந்த மேலிடத்துக்கு அனுப்புவார். பட்டியலில் பெயர் இருந்தால் இன்னும் ஆறு மாதம் வேலை உண்டு. இல்லாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

ஆளுக்கொரு செடிக் குடும்பத்தைப் பிரித்துக் கொடுத்திருந்தோம். அதனால் பெரணி லேபிள் அடித்த பெண் பெரணிக்காரி ஆனாள், புல் லேபிள் அடித்தவர் புல்லுக்காரர் ஆனார். பாசி லேபிள் அடித்தவரை மட்டும் யாரும் பாசிக்காரி என்று சொன்னதில்லை. அவருக்கு நாற்பது வயதுக்கு மேல். பள்ளங்கியிலிருந்து முதல் பஸ்ஸில் வருவார், அதனால் பள்ளங்கி அக்கா. சிலோன் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, பெரியவளான பிறகு இந்தப் பக்கம் திரும்பி வந்தவர். தோட்டத்து ஆபீஸில் டைப் அடித்துப் பழகிய கை என்பதால் தப்பில்லாமல் அடிப்பார்.

இந்த ஆறு பேருக்கும் மேலே ஒரு மெஷின், மெஷினுக்கு மேலே நான். அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மெஷின் பெங்களூரிலிருந்து லாரியில் வந்தது. ஒரு குட்டை பீரோ உயரம் இருக்கும். ஆறு டெர்மினல்களும் வயர் வழியாக அதோடு சேர்ந்திருந்தன. அதன் மெமரி இரண்டு மெகாபைட். இன்றைக்கு ஒரு போட்டோகூட அதற்குள் அடங்காது என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அன்றைக்கு அதை வைத்து ஆறு பேர் ஒரே நேரத்தில் வேலை பார்த்தார்கள்.

மெமரி என்றால் என்னவென்று சார் கேட்டபோது அவருடைய மேஜையைக் காட்டித்தான் சொன்னேன். மேஜைதான் மெமரி, பீரோ டிஸ்க். தாளைப் படிக்க வேண்டுமென்றால் பீரோவிலிருந்து எடுத்து மேஜைமேல் விரிக்க வேண்டும். மேஜை நிறைந்துவிட்டால், கொஞ்ச நேரமாக யாரும் தொடாத தாள்களை யூனிக்ஸ் தானாகவே பீரோவில் கொண்டுபோய் வைக்கும். கேட்டால் திரும்ப எடுத்து வரும். இதற்குப் பேஜிங் என்று பெயர். அளவோடு நடந்தால் யாருக்கும் தெரியாது. அளவு மீறினால் மெஷின் செய்கிற வேலையை விட்டுவிட்டு மேஜைக்கும் பீரோவுக்கும் நடந்தே நாளைக் கழிக்கும்.

"நம்ம ஆபீஸ் மாதிரின்னு சொல்லு," என்றார் சார்.

லேபிள் ஏற்றும் புரோகிராமை எழுதியது நான். அதில் எனக்குக் கொஞ்சநஞ்சமல்ல, நிறையவே கர்வம். மலையின் செடிப் பெயர்கள் முழுவதையும் அது மெமரியில் வைத்துக்கொண்டு, யாராவது எழுத்துப்பிழையோடு பெயர் அடித்தால் உடனே பீப் என்று கத்தும். கத்துவதை எனக்கே உரிய முறையில் செய்திருப்பதாகப் புல்லுக்காரர் என் முதுகுக்குப் பின்னால் சொன்னார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

முதல் மாதமே ஒரு சண்டை வந்தது. பெரணிக்காரி ஒரு டெர்மினலில் அரை நாள் வேலையைத் திறந்து வைத்துவிட்டு எழுந்து போயிருக்கிறாள். ஆர்க்கிட் அடிக்கிற பெண் அங்கே உட்கார்ந்து, திறந்திருந்ததைச் சேமிக்காமல் மூடிவிட்டாள். அரை நாள் பெரணி போயே போயிற்று. ஒருத்தி அழ, இன்னொருத்தி அதைவிடப் பெரிதாக அழ, நான் போய் இருவரையும்விடப் பெரிதாகக் கத்தினேன்.

கத்தி முடித்த சூட்டோடு இரண்டு காரியங்கள் செய்தேன். புரோகிராம் நிமிடத்துக்கு ஒரு முறை தானே விழித்து, தன்னிடம் உள்ளதைச் சேமித்துக்கொள்ளும்படி மாற்றினேன். அடுத்து, பெரிய எழுத்தில் ஒரு காகிதம் எழுதிச் சுவரில் ஒட்டினேன். 'டெர்மினலில் அடுத்தவர் வேலை திறந்திருந்தால் எக்காரணம் கொண்டும் மூடக் கூடாது. ஆச்சரியக்குறியை அடித்தால் அந்த வேலை அப்படியே நிற்கும். பிறகு புரோகிராமைப் புதிதாகத் திறந்து உங்கள் எண்ணைக் கொடுத்து வேலை செய்யவும்.' எக்காரணம் என்பதன் கீழே இரண்டு கோடு போட்டிருந்தேன்.

அதன் பிறகு சண்டை வரவில்லை. மூன்று வாரம் கழித்து மெஷின் படுத்துக்கொண்டது.

ஒரேயடியாக அல்ல. காலையில் சுறுசுறுப்பாக இருக்கும். பத்து மணிக்கு மேல் முனக ஆரம்பிக்கும். டீக்குப் பிறகு ஒரு எழுத்தை அடித்தால், அது திரையில் வருவதற்குள் அடுத்த பொட்டலத்தை அவிழ்த்துவிடலாம். டிஸ்க்கின் சிவப்பு விளக்கு அணைவதே இல்லை. டிஸ்க் போடுகிற சத்தம் ஹால் முழுக்கக் கேட்கும், யாரோ மாடிப்படியில் ஓயாமல் ஏறி இறங்குவதைப் போல. சாயங்காலம் ஐந்து மணிக்கு நான் மெஷினை நிறுத்திவிட்டுப் போவேன். மறுநாள் காலையில் ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்துகொள்ளும்.

சாருக்கு உடனே காரணம் தெரிந்துவிட்டது.

"மிஸ்ட்," என்றார். பனிமூட்டத்துக்கு மலையில் அதுதான் பெயர். "மிஸ்ட் உள்ள போயிருதும்மா. செடிக்கே பூசணம் புடிக்குது, மெஷினுக்குப் புடிக்காதா?"

"சார், மிஸ்ட் போனா மெஷின் ஓடவே ஓடாது. இது மெதுவால்ல ஓடுது."

"ஈரமான பஞ்சு மாதிரி ஆயிருக்கும்," என்று சொல்லிவிட்டு, செடிப் பீரோக்களுக்குப் போடுகிற அந்துருண்டையில் ஒரு பொட்டலம் கொண்டுவந்து மெஷினுக்கு அடியில் வைத்தார். அதோடு நிற்கவில்லை. நான் மெமரி அளவைக் குறித்துவைக்கிற நோட்டில், பக்கத்திலேயே அன்றைய வானிலையையும் எழுத வேண்டும் என்றார். வெயில், மூடாக்கு, மிஸ்ட், மழை. பெரிய மனிதர் சொல்கிறார், எழுதித் தொலைப்போம் என்று எழுதினேன்.

பெங்களூருக்கு டிரங்க் கால் போட்டேன். மெஷின் கொடுத்த கம்பெனியின் இன்ஜினீயர் நான் சொல்லி முடிப்பதற்குள்ளேயே பதில் சொன்னார்.

"மெமரி பத்தல மேடம். இன்னொரு போர்டு போடணும்."

"எப்ப வரும்?"

"மூணு மாசம்."

மூன்று மாதம் காத்திருந்தால் லேபிள் வேலை மலையேறிவிடும். ஏற்கெனவே மலைமேல் இருக்கிறோம், இன்னும் எங்கே ஏறுவது? நானே கண்டுபிடிப்பது என்று உட்கார்ந்தேன்.

மெமரியைப் பார்க்க யூனிக்ஸில் ஒரு கமாண்ட் உண்டு. ஐந்து நொடிக்கு ஒரு வரி அச்சடித்துக்கொண்டே இருக்கும். மேஜையில் எவ்வளவு இடம் காலி, எத்தனை தாள் பீரோவுக்குப் போனது, எத்தனை திரும்பி வந்தது என்று வரிசையாக எண்கள். அரை மணிக்கு ஒரு முறை நோட்டில் குறித்தேன். காலையில் தாராளமாக இடம் இருந்தது. பத்தரைக்கு மெலிந்தது. பதினொன்றுக்குச் சுத்தமாக இல்லை. பீரோவுக்குப் போகிற எண்ணும் வருகிற எண்ணும் மட்டும் தறிகெட்டு ஏறின. ஆக, மேஜையை யாரோ நிறைக்கிறார்கள்.

யார் என்று பார்க்க இன்னொரு கமாண்ட். அப்போது ஓடிக்கொண்டிருக்கிற புரோகிராம் ஒவ்வொன்றையும், அதைத் திறந்தவர் பெயரோடு பட்டியல் போடும். ஆறு பேர் இருக்கிற இடத்தில் லேபிள் புரோகிராம் ஆறு ஓட வேண்டும். பட்டியலில் பதினெட்டு இருந்தது. அதில் ஐந்து, ஐந்து பேருடையது. மிச்சம் பதின்மூன்றும் ஒரே பெயரில் இருந்தன. பள்ளங்கி அக்கா.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. போனேன்.

"அக்கா, நீங்க ஒரு நாளைக்கு எத்தன தடவ புரோகிராமைத் தெறக்குறீங்க?"

"காலையில ஒரு தரம் தெறப்பேங்க. அப்புறம் எடம் மாறுனா இன்னொரு தரம்."

"பதிமூணு தெறந்து கெடக்கு. எல்லாம் உங்க பேருல."

"அது எப்படிங்க? எனக்கு விளங்கலியே."

விளங்கவில்லையாம்! கையும் களவுமாகப் பிடித்த பிறகும் இப்படி ஒரு முகமா என்று தோன்றியது. மறு பேச்சில்லாமல் நேரே சாரிடம் போய்ப் பெயரைச் சொன்னேன். அன்று திங்கட்கிழமை.

சார் லேபிள் கணக்கு நோட்டைப் புரட்டினார். "அவங்க அடிக்கிற லேபிளும் எல்லாரையும்விடக் குறைச்சலாத்தான் இருக்கு," என்றார். "ஏன்னு புரியாம இருந்துச்சு. ம். வெள்ளிக்கிழமை மத்தியானத் தபால்ல லிஸ்ட் போகணும். வேற காரணம் எதுவும் தெரியலேன்னா அவங்க பேரை எடுத்திர்றேன்."

வெளியே வந்தபோது ஒரு வெற்றி கிடைத்த மாதிரி இருந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும், அப்படித்தான் இருந்தது. ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோதுதான் அந்த வெற்றி தொண்டையில் இறங்கவில்லை. பள்ளங்கி அக்காவின் வீட்டுக்காரர் கேரட் தோட்டத்தில் கூலி வேலை பார்க்கிறார், மழையென்றால் அதுவும் இல்லை. அந்த வீட்டில் மாதா மாதம் தவறாமல் வருவது அக்காவின் சம்பளம் ஒன்றுதான். இது எனக்கு முன்பே தெரியும். அதைத் தெரிந்துகொண்டுதான் பெயரைச் சொல்லியிருக்கிறேன்.

சரி, சொன்னது சொன்னதுதான். சரியாகவாவது சொன்னோமா என்று பார்த்துவிடுவோம் என நோட்டை மறுபடி எடுத்தேன். புதன்கிழமை முழுக்கப் பளீரென்ற வெயில். அன்றைக்கு மெஷின் குதிரை மாதிரி ஓடியது. பின்னால் புரட்டினேன். வெயில் நாள், மெமரி காலி. வெயில் நாள், மெமரி காலி. மிஸ்ட், மெமரி இல்லை. மழை, மெமரி அறவே இல்லை. ஒரு நாள்கூடத் தப்பவில்லை.

சார் சொன்னது சரியாகப் போய்விட்டதே என்று முதலில் எரிச்சல்தான் வந்தது. அவரிடம் காட்டினால் அந்துருண்டையை இரண்டு பொட்டலமாக்கிவிடுவார். மிஸ்ட் மெஷினுக்குள் போனால் அக்காவின் பெயரில் புரோகிராம் முளைக்குமா? மனுஷர்கள் குளிரில் ஏதோ வேறு மாதிரி செய்கிறார்கள். அது என்ன?

வியாழக்கிழமை மறுபடி மூடிக்கொண்டது. பதினோரு மணிக்குப் பட்டியலை எடுத்தேன். திங்கட்கிழமை பெயரைப் பார்த்ததோடு நிறுத்திக்கொண்டேன் அல்லவா, இந்த முறை மற்ற எண்களையும் படித்தேன். ஒவ்வொரு புரோகிராமுக்கும் ஒரு எண் உண்டு. அதைப் பெற்றது, அதாவது அதைத் திறந்துவிட்டது எது என்று பக்கத்திலேயே இன்னோர் எண்ணும் இருக்கும். தாளில் கோடு போட்டு இணைத்துப் பார்த்தேன். பதின்மூன்றாவதைப் பெற்றது பன்னிரண்டாவது. பன்னிரண்டைப் பெற்றது பதினொன்று. அப்படியே ஒன்றின்மேல் ஒன்றாகக் கீழே முதலாவது வரைக்கும் போனது. எல்லாமே ஒரே இடத்தில் இருந்தன, நாலாம் நம்பர் டெர்மினலில்.

எழுந்து ஹாலை எட்டிப் பார்த்தேன். பள்ளங்கி அக்கா இரண்டாம் நம்பர் பக்கத்தில் நின்று ஏதோ பொட்டலம் அவிழ்த்துக்கொண்டிருந்தார். நாலாம் நம்பரில் இருந்தது புல்லுக்காரர்.

எனக்குக் காது சூடானது. அந்தப் பதின்மூன்றும் அக்கா திறந்தவை அல்ல. அவர் திறந்ததன்மேல் மற்றவர்கள் திறந்தவை. அவர் பெயரில் நுழைந்த டெர்மினலில் யார் எதைத் திறந்தாலும் மெஷினைப் பொறுத்தவரை அது அக்கா கணக்குதான். ஆனால் டெர்மினல் ஆறு இருக்க, எல்லோரும் ஏன் நாலாம் நம்பருக்கே வர வேண்டும்?

என் அறை ஹாலின் மறுகோடியில் இருந்தது. நான் வருவதே ஒன்பதரைக்குத்தான். நான் ஹாலுக்குள் நுழைந்தால் பேச்சு நின்று எல்லோரும் அவரவர் நாற்காலியில் நிமிர்ந்துவிடுவார்கள். அதனால் அங்கே நடப்பது எதுவும் எனக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை வெள்ளனே எழுந்து, ஏழரைக்கே போய்ப் பீரோ வரிசைக்குப் பின்னால் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். எட்டடி தள்ளி இருப்பது தெரியாத அளவுக்கு வெளியே மிஸ்ட்.

எட்டு மணி சுமாருக்குப் பள்ளங்கி அக்கா வந்தார். மெஷினை எழுப்பி, நாலாம் நம்பரில் உட்கார்ந்து, முதல் லேபிளை அடிக்க ஆரம்பித்தார். நான்கு வரிகூட அடித்திருக்க மாட்டார். பெரணிக்காரி அக்குளில் கையை இடுக்கிக்கொண்டு நடுங்கியபடி உள்ளே வந்தாள்.

"வா பிள்ள, கை வெறைச்சுப் போயிருக்கும், வெரசா வந்து இதுல உக்காரு," என்று அக்கா எழுந்துகொண்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. செடிகள் காய்ந்த சருகு என்பதால் அந்தக் கட்டிடத்துக்குள் கணப்போ கரியடுப்போ வரக் கூடாது என்பது சாரின் சட்டம். ஹாலில் சூடான இடம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. மெஷினின் பின்பக்க ஃபேன் வெப்பக் காற்றைத் தள்ளுகிற இடம். அதற்கு நேர் எதிரே இருந்தது நாலாம் நம்பர் நாற்காலி.

பெரணிக்காரி உட்கார்ந்து, முழங்காலைக் காற்றுக்கு நேராக வைத்துக்கொண்டாள். திரையில் அக்காவின் பாதி லேபிள் திறந்திருந்தது. தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தாள். என் காகிதத்தை வரி வரியாக, உதடு அசைய, செபம் சொல்கிற மாதிரி படித்தாள். ஆச்சரியக்குறியை அடித்தாள். புரோகிராமைப் புதிதாகத் திறந்தாள். கை சூடானதும், தன்னுடையதை அப்படியே விட்டுவிட்டு அடுத்து வந்தவளுக்கு எழுந்து இடம் கொடுத்தாள். அவளும் சுவரைப் பார்த்தாள். ஒருவர்கூடத் தப்பு செய்யவில்லை. நான் எழுதியதை எழுத்து பிசகாமல் செய்தார்கள். எக்காரணம் கொண்டும் மூடவில்லை.

டீக்கு வெளியே போய் மறுபடி விறைத்துக்கொண்டு வந்தார்கள். மறுபடி ஒரு சுற்று. இந்தச் சுற்றிலும் அக்கா கடைசியில்தான் உட்கார்ந்தார். திறந்து கிடந்த அத்தனையும் நிமிடத்துக்கு ஒரு முறை விழித்து, செடிப் பெயர்கள் முழுவதையும் மேஜைக்கு இழுத்து, ஒன்றையொன்று பீரோவுக்குத் தள்ளிக்கொண்டிருந்தன. விழிக்கும்படி எழுதியதும் நான்தான். சும்மா கிடந்தாலாவது யூனிக்ஸ் அவற்றை ஓரமாகத் தூக்கி வைத்திருக்கும். தூங்க விடாமல் செய்திருந்தேன்.

மணி பதினொன்றரை. பட்டியல் கவரில் போய், கவர் தபால் பையில் போய், பை சாரின் மேஜைமேல் இருந்தது. ஓடினேன்.

"சார், அந்த லிஸ்டை அனுப்பாதீங்க. நான் தப்பா சொல்லிட்டேன்."

"நாலு நாளைக்கு முன்னாடி அவ்வளவு உறுதியா சொன்னியேம்மா."

"இப்ப அதைவிட உறுதியா சொல்றேன் சார். அஞ்சு நிமிஷம் ஹாலுக்கு வாங்க."

வந்தார். டிஸ்க் கடகடவென்று அலறிக்கொண்டிருந்தது. நாலாம் நம்பரில் பள்ளங்கி அக்காவே உட்கார்ந்திருந்தார், கடைசி ஆளாக. எல்லோரையும் சுற்றி நிற்கச் சொன்னேன்.

"அக்கா, திரையில இருக்கிறதை மூடுங்க. அதுக்கு அடியில இருக்கிறதையும் மூடுங்க. ஒண்ணொண்ணா."

அக்கா கையை எடுத்துவிட்டார். "இது என்னுதுங்க, மூடிருவேன். அடியில இருக்கிறது அடுத்தவங்க வேலைங்க. மூடக் கூடாதுன்னு எழுதியிருக்கே."

சார் சுவரைப் பார்த்தார். "யாரு எழுதினது?"

"நான்தான் சார்."

சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதையும் படித்தார். இரண்டு கோட்டையும் விரலால் தொட்டுப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். வாழ்க்கையில் அத்தனை சின்னதாக நான் எப்போதும் உணர்ந்ததில்லை.

அவரவர் வேலையை அவரவரே வந்து மூடுவது என்று முடிவாயிற்று. அக்கா தன்னுடையதை மூடினார். அடியில் புல் இருந்தது. புல்லுக்காரர் முன்னால் வந்து மூடினார். அதற்கடியில் ஆர்க்கிட். "ஐயோ, இது டீக்கப்புறம் நான் விட்டது," என்று ஆர்க்கிட்காரி ஓடி வந்தாள். பெரணி வந்தது. மறுபடி ஆர்க்கிட் வந்தது. பிறகு புல். "நீரு ரெண்டு தடவ உக்காந்துருக்கீரு!" என்று ஒருத்தி கேட்க, புல்லுக்காரர் "ஏன், நீ மட்டும்?" என்றார். ஒவ்வொன்று மூடும்போதும் ஒரு சிரிப்பு கிளம்பியது, டிஸ்க்கின் சத்தம் ஒரு படி இறங்கியது. எட்டாவதிலோ ஒன்பதாவதிலோ சிவப்பு விளக்கு சிமிட்ட ஆரம்பித்தது. பன்னிரண்டாவதில் அணைந்தது. ஹால் அமைதியானபோதுதான், இத்தனை நாள் எவ்வளவு சத்தத்துக்குள் இருந்தோம் என்பது தெரிந்தது.

கடைசியாக ஒன்று மிஞ்சியது. பாசி லேபிள். நாலே வரிகள். 'இடம்: மன்னவனூர். சோலை ஓரம், ஈரப் பாறைமேல். பறித்தவர்:' அதற்கு மேல் ஒன்றும் இல்லை. பறித்தவர் பெயருக்கு முன்னால் கோடு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. மூலையில் திறந்த நேரம் எட்டு மணி ஐந்து நிமிடம் என்று காட்டியது.

"காலையில ஆரம்பிச்சதாம்மா? மிச்சத்தை ஏன் அடிக்கல?" என்று சார் கேட்டார்.

பெரணிக்காரிதான் சொன்னாள். "நாங்க வந்துருவோம் சார். எங்களுக்கு எடத்தைக் குடுத்துட்டு எந்திரிச்சிருவாங்க. எல்லாரும் கை காஞ்சு போற வரைக்கும் அக்கா நின்னுக்கிட்டு எங்க பொட்டலத்தை அவுத்துக் குடுப்பாங்க. அவங்க உக்கார ஒன்பதரை ஆயிரும். டீ குடிச்சுட்டு வந்தாலும் அப்படித்தான்."

அக்காவின் லேபிள் ஏன் எல்லோரையும்விடக் குறைவு என்று ஹாலில் இருந்த அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அறைக்குப் போய், கவரைக் கிழித்து, பட்டியலை எடுத்துவந்து, எங்கள் முன்னாலேயே பேனாவைத் திறந்து அக்காவின் பெயரை எழுதினார். ஆறாவதாக அல்ல. மேலே இருந்த பெயருக்கும் மேலே, ஓரத்தில் இடம் கண்டுபிடித்து எழுதினார். இரண்டு மணி பஸ்ஸில் பை போய்விட்டது.

"மிஸ்ட்னு நான் சொன்னேனா இல்லியா?" என்று போகிறபோது என்னிடம் கேட்டார்.

"சொன்னீங்க சார்."

"அந்துருண்டையை எடுத்துராத."

காகிதத்தைக் கிழித்தேன். ஒருவர் டெர்மினலைவிட்டு எழுந்தால் புரோகிராம் தானே சேமித்து மூடிக்கொள்ள ஒரே ஒரு விசை வைத்தேன். நாலாம் நம்பர் டெர்மினலை எதிர்ச் சுவருக்கு மாற்றிவிட்டு, ஃபேனுக்கு எதிரே ஒரு பெஞ்சைப் போட்டோம். வருகிறவர்கள் அதில் வரிசையாக உட்கார்ந்து கையைக் காயவைத்துக்கொண்டு, ஊர்க்கதை பேசிவிட்டு வேலைக்குப் போனார்கள். மெமரி போர்டு மூன்று மாதம் கழித்து வந்தது. அதைப் பெட்டியோடு மூலையில் வைத்தோம்.

இவையெல்லாம் அடுத்தடுத்த நாட்களில் நடந்தவை. அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் எனக்கு இன்னொரு வேலை பாக்கி இருந்தது. மற்றவர்கள் கிளம்பிய பிறகு பள்ளங்கி அக்கா மட்டும் பஸ் நேரம் வரட்டும் என்று அடித்துக்கொண்டிருந்தார். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை, அதனால் நேராகவே சொன்னேன்.

"அக்கா, உங்க பேரை சார்கிட்ட சொன்னது நான்தான்."

"தெரியுங்க," என்றார், திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல். "செவ்வாக்கெழமையே சார் கூப்புட்டுக் கதைச்சாரு. வேற எங்கயாச்சும் சோலி பாத்து வச்சுக்கங்கன்னு சொன்னாரு. மன்னவனூர் ஆட்டுப் பண்ணையில சொல்லி வச்சிருந்தேன்."

செவ்வாய், புதன், வியாழன். இன்று காலையில் பீரோவுக்குப் பின்னால் இருந்து நான் பார்த்ததெல்லாம் கண்முன் வந்தது.

"வேலை போகுதுன்னு தெரிஞ்சும் இன்னைக்குக் காலையில எந்திரிச்சு எடம் குடுத்தீங்களே?"

அக்கா அடிப்பதை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். கேள்வி அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"ஏங்க, எனக்கு வேலை போகுதுன்னா அதுங்களுக்குக் குளிராமப் போயிருமா?"

மன்னித்துவிடுங்கள் அக்கா என்று சொன்னேன். அவர் சரி என்று தலையாட்டிவிட்டு, மினுக்கிக்கொண்டிருந்த கோட்டுக்கு முன்னால் பறித்தவரின் பெயரை அடிக்க ஆரம்பித்தார்.